கணவருக்கு 48, மனைவிக்கு 9: தூங்கி விழுவது யார்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். கணவருக்கு 51 வயது, இரவெல்லாம் குறட்டை, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஆய்வகத்தில் ஓர் இரவு தங்கிச் செய்த தூக்கப் பரிசோதனையில், தூக்கத்தில் மூச்சு தடைபடுவதை எண்ணிச் சொல்கிற அவருடைய ஏ.எச்.ஐ. எண் 48. அறிக்கையில் ‘தீவிரம்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் பகலில் அவர் சோர்ந்து உட்கார்ந்து நீங்கள் பார்த்ததில்லை. கடையைக் கவனிக்கிறார், வாரம் இருமுறை காரை எடுத்துக்கொண்டு வெளியூர் போய்வருகிறார். நீங்கள் பள்ளி ஆசிரியை. மதியம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்குகிறது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் இறங்குமிடம் தாண்டிவிடுகிறது. உங்களுக்கு வீட்டிலேயே கருவி கட்டிப் பார்த்ததில் எண் வெறும் 9, ‘லேசானது’. இரண்டு அறிக்கைகளும் மாறிப்போயினவா என்று கேட்கிறீர்கள்.

மாறியிருக்காது. நான் மருத்துவன் அல்ல. தூக்க ஆய்வகத்தில் இரவுப் பணியில் பதினாறு ஆண்டுகள் இருந்த டெக்னீஷியன். வயர் ஒட்டி, விடியும்வரை திரையைப் பார்த்திருந்து, பிறகு மூச்சு நின்ற இடங்களை ஒவ்வொன்றாக எண்ணுகிற வேலை. உங்களைப் போன்ற தம்பதியர் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அந்த எண் தூக்கக் கலக்கத்தை அளப்பதே இல்லை. அளப்பதாக நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். சிக்கல் அங்கேதான்.

ஏ.எச்.ஐ. என்பது ஒரு மணி நேரத் தூக்கத்தில் சராசரியாக எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு. காற்றோட்டம் ஏறக்குறைய முழுவதுமாக, அதாவது 90 சதவீதம் அல்லது அதற்கு மேல், குறைந்தபட்சம் 10 வினாடிக்கு அடைபட்டால் அது ஆப்னியா. 30 சதவீதமாவது குறைந்து, அதோடு இரத்த ஆக்ஸிஜன் இறங்கினாலோ மூளை ஒரு கணம் விழித்துக்கொண்டாலோ அது ஹைபாப்னியா. இரண்டையும் கூட்டி, தூங்கிய மணி நேரத்தால் வகுத்தால் உங்கள் கையில் இருக்கும் எண் வரும். உங்கள் கணவர் ஆறரை மணி நேரம் தூங்கினார் என்று வைத்துக்கொண்டால், 48 என்பது ஓர் இரவில் 312 முறை.

இந்தக் கணக்கில் எவ்வளவு தொலைந்துபோகிறது என்று பாருங்கள். 10 வினாடி மூச்சு நின்றாலும் ஒன்று, 70 வினாடி நின்றாலும் ஒன்று. ஆக்ஸிஜன் 96-லிருந்து 92-க்கு இறங்கினாலும் ஒன்று, 68-க்கு இறங்கினாலும் ஒன்று. ஒருவர் இரவெல்லாம் சிறு சிறு தடைகளாக 40 வைத்திருப்பார். இன்னொருவர் அதே 40-ஐ, திரையைப் பார்க்கிற எனக்கே மூச்சு முட்டும் அளவுக்கு நீளமாக வைத்திருப்பார். அறிக்கையின் முதல் பக்கத்தில் இருவரும் ஒன்றுதான்.

எல்லைக் கோடுகளின் கதையையும் சொல்ல வேண்டும். 1976-இல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டியன் கில்மினோ குழுவினர் தூக்க மூச்சுத்தடை என்ற இந்த நோய்க்கு வரையறை எழுதியபோது, ஏழு மணி நேரத் தூக்கத்தில் 30 தடவையாவது மூச்சு நிற்க வேண்டும் என்றார்கள். வகுத்துப் பார்த்தால் மணிக்கு நான்கு சொச்சம். இன்றைய ‘5’ என்ற கோட்டின் மூதாதை அதுதான். பிறகு 1999-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி கூட்டிய நிபுணர் குழு 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் தீவிரம் என்று வகுத்தது. உலகம் முழுக்க எல்லா அறிக்கைகளிலும் இன்றும் அச்சாவது இந்த மூன்று சொற்கள்தான்.

ஆனால் அதே குழு, அதே ஆவணத்தில், இன்னொரு பாதியையும் எழுதியிருந்தது. தீவிரத்தை இரண்டு அளவுகோலால் பார்க்க வேண்டும்: ஒன்று இரவின் எண்ணிக்கை, மற்றொன்று பகலின் தூக்கக் கலக்கம். டிவி பார்க்கும்போதோ வண்டியில் சும்மா உட்கார்ந்து வரும்போதோ தூக்கம் வந்தால் லேசானது. கூட்டத்தில், கச்சேரியில், ஓரளவு கவனம் வேண்டிய இடத்தில் வந்தால் நடுத்தரம். சாப்பிடும்போது, பேசும்போது, நடக்கும்போது, வண்டி ஓட்டும்போது வந்தால் தீவிரம். இரண்டில் எது மோசமோ அதை வைத்தே மொத்தத் தீவிரத்தைச் சொல்ல வேண்டும் என்றது குழு. கருவியில் எண்ணிச் சொல்ல முடிந்த பாதி மட்டும் நிலைத்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய பாதியை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள். அந்தப் பழைய கணக்குப்படி பார்த்தால், நின்று எழுதிக்கொண்டிருக்கும்போதே சொக்கிப்போகிற உங்கள் நிலை, தூக்கத்துக்கு வேறு காரணம் இல்லாத பட்சத்தில், 9 என்ற எண்ணோடு ‘லேசானது’ ஆகிவிடாது.

எண்ணுகிற விதத்திலும் ஒரு கூத்து உண்டு. ஹைபாப்னியாவை எப்படி வரையறுப்பது என்பதில் விதிகள் பலமுறை மாறியிருக்கின்றன. ஆக்ஸிஜன் 3 சதவீதம் இறங்கினால் போதுமா, 4 வேண்டுமா, மூளை விழித்ததை ஏற்கலாமா என்ற சண்டை. மெல்போர்ன் ஆய்வாளர்கள் 328 பேரின் ஒரே இரவுப் பதிவுகளை எடுத்து மூன்று விதிகளாலும் எண்ணி 2009-இல் வெளியிட்டார்கள். 1999-ஆம் ஆண்டு விதிப்படி நடுமதிப்பு 25. புதிய விதியின் ஒரு வடிவப்படி 15-ஐ ஒட்டி. மற்றொரு வடிவப்படி 8 சொச்சம். அதே ஆட்கள், அதே இரவு, அதே தொண்டை! அதனால் ‘போன வருஷம் 22, இந்த வருஷம் 12, குறைந்துவிட்டது’ என்று ஒருவர் மகிழ்ச்சியோடு வந்தால், எந்த விதியில் எண்ணினார்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

உங்களுடைய 9-ஐப் பற்றியும் ஒரு சந்தேகம். வீட்டில் கட்டிவிடுகிற கருவிகள் பெரும்பாலானவற்றில் மூளை அலை பதிவாவதில்லை. நீங்கள் எப்போது தூங்கினீர்கள், எப்போது கூரையைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள் என்று கருவிக்குத் தெரியாது. எனவே தூங்கிய நேரத்துக்குப் பதிலாகப் பதிவான நேரத்தால் வகுக்கிறது. எட்டு மணி நேரப் பதிவில் 72 தடைகள் என்றால் 9. ஆனால் அதில் நீங்கள் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான் என்றால் அந்த 72-ஐ ஐந்தரையால்தான் வகுக்க வேண்டும், 13 வரும். இதற்கு மேல், ஆக்ஸிஜன் இறங்காமல் மூளையை மட்டும் உலுக்கிவிட்டுப் போகிற தடைகள் அந்தக் கருவியில் விழவே விழாது. பெண்களுக்கு இந்த வகைத் தடைகளும், கனவுத் தூக்கத்தில் மட்டும் குவிந்து வருகிற தடைகளும் அதிகம் என்பதால் அவர்களுடைய எண் தாழ்ந்து காட்டுவது சாதாரணம். மல்லாந்து படுத்த இரவுக்கும் ஒருக்களித்துப் படுத்த இரவுக்கும் வேறு வித்தியாசம் இருக்கிறது. ஓர் இரவின் எண் என்பது ஒரு நாள் மழையைப் பார்த்து அந்த ஆண்டின் விளைச்சலைச் சொல்வது மாதிரி.

இனி பகல் பக்கம். அங்கே அளவு இன்னும் வழுக்கும். எல்லோரும் பயன்படுத்துவது எப்வொர்த் படிவம். மெல்போர்னில் எப்வொர்த் மருத்துவமனையில் இருந்த மரி ஜான்ஸ் 1991-இல் வெளியிட்டது. எட்டுச் சூழல்கள், ஒவ்வொன்றிலும் தூங்கிவிடும் வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை நீங்களே போட வேண்டும். மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் கலக்கம் அதிகம் என்பார்கள். இலவசம், இரண்டு நிமிடத்தில் முடியும், அதனால் எங்கும் பரவிவிட்டது. ஆனால் இரண்டு கேள்விகள் காரைப் பற்றியவை. காரே இல்லாதவர்கள் அதில் என்ன போடுவது என்று என்னைப் பார்ப்பார்கள். பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ‘மதியம் படுத்து ஓய்வெடுக்கும்போது’ என்ற கேள்விக்கு நம் ஊரில் மூன்று போடாதவரை நான் அதிகம் கண்டதில்லை.

பெரிய சிக்கல், தூங்குகிறவருக்குத் தாம் தூங்குவது தெரியாது என்பது. ஒருவர் படிவத்தில் மொத்தம் 3 போட்டுக் கொடுத்துவிட்டு, ‘எனக்குத் தூக்கமே வராது தம்பி, வீட்டில்தான் வற்புறுத்தி அனுப்பினார்கள்’ என்றார். அவர் தலையில் வயர் ஒட்டி முடிப்பதற்குள் நாற்காலியிலேயே குறட்டை விட்டார். மணி இரவு எட்டரைகூட ஆகவில்லை. பொய் சொல்லவில்லை அந்த மனிதர். பத்து வருடங்களாக மெல்ல மெல்ல ஏறிய கலக்கம் அவருக்கு இயல்பாகிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நாள் ஒன்றும் நினைவில் இல்லை. இன்னொரு வகையினர், நடமாடிக்கொண்டே இருப்பவர்கள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்பதை உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது, உட்காருவதில்லை. கடை, டீ, தொலைபேசி, மீண்டும் டீ. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சுறுசுறுப்பு. அதனால் கணவருடைய படிவத்தை அவர் நிரப்பியது போக, அவருக்குத் தெரியாமல் நீங்களும் ஒன்று நிரப்பிப் பாருங்கள். நான் இப்படிச் செய்யச் சொல்லிப் பார்த்ததில் கணவர் 4, மனைவி போட்டது 15 என்று வந்ததெல்லாம் உண்டு.

இன்னும் உறுதியாக அளக்க வேண்டுமென்றால் பகலிலேயே ஆய்வகத்தில் படுக்க வைத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. மேரி கார்ஸ்கடனும் வில்லியம் டிமென்டும் 1970-களில் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஐந்து தடவை, 20 நிமிடம் இருட்டறையில் படுக்கச் சொல்வோம். எத்தனை நிமிடத்தில் தூங்குகிறார் என்று மூளை அலையில் பார்ப்போம். சராசரி 8 நிமிடத்துக்குள் என்றால் கலக்கம் உண்மை. இதற்கு மறுதலையாக, மங்கிய வெளிச்சத்தில் 40 நிமிடம் தூங்காமல் உட்கார்ந்திருக்க முடிகிறதா என்று பார்ப்பதும் உண்டு. வண்டி ஓட்டுபவர்களுக்கு அதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். இரண்டும் ஒரு முழு நாள் வேலை, செலவும் அதிகம், எல்லோருக்கும் செய்வதில்லை.

இரவின் எண்ணையும் பகலின் எண்ணையும் பக்கத்தில் வைத்தால் என்ன தெரிகிறது? அமெரிக்காவில் ‘ஸ்லீப் ஹார்ட் ஹெல்த்’ என்ற பெரிய ஆய்வில் 1,824 பேரை இப்படிப் பார்த்து 1999-இல் வெளியிட்டார்கள். மணிக்கு ஐந்துக்கும் குறைவாகத் தடை இருந்தவர்களின் எப்வொர்த் சராசரி 7.2. முப்பதும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு 9.3. தடை ஆறு மடங்குக்கு மேல் ஏறியும் கலக்கம் இரண்டே புள்ளி. பத்தைத் தாண்டியவர்கள் முதல் கூட்டத்தில் 21 சதவீதம், தீவிரக் கூட்டத்தில் 35 சதவீதம். இந்த இரண்டு எண்களிலும் உங்கள் வீடு இருக்கிறது. தீவிரம் என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் மூன்றில் இருவர் உங்கள் கணவரைப் போல ‘எனக்கொன்றும் இல்லை’ என்றவர்கள். மூச்சுத்தடையே இல்லாதவர்களிலும் ஐந்தில் ஒருவர் உங்களைப் போலத் தூங்கி விழுந்தார். தொடர்பு இருக்கிறது, ஆனால் ஒருவரின் ஏ.எச்.ஐ.-யைக் கேட்டு அவர் பகலில் எப்படி இருப்பார் என்று ஊகிக்கிற அளவுக்கு இல்லை. 1993-இல் விஸ்கான்சின் மாநில அரசு ஊழியர்களிடம் செய்த புகழ்பெற்ற ஆய்விலும் இதே கதைதான்: ஐந்துக்கு மேல் எண் இருந்த ஆண்கள் 24 சதவீதம், அதோடு பகல் கலக்கமும் சேர்ந்திருந்தவர்கள் 4 சதவீதம், பெண்களில் 9-உம் 2-உம்.

ஏன் இப்படி? ஒரு காரணமல்ல. மூச்சு அடைபடும்போது சிலருக்கு மூளை சட்டென்று விழித்துக்கொள்கிறது. தடை குட்டையாக முடிந்துவிடும், ஆனால் தூக்கம் துண்டு துண்டாகிவிடும். சிலருக்கு மூளை மந்தமாகப் பொறுத்துக்கொண்டு நீளத் தடையை விட்டுவைக்கும். ஆக்ஸிஜன் ஆழமாக இறங்கும். தூக்கம் கெடுவதை ஒருவர் தாங்குவதும் மற்றொருவர் தாங்காததும் பிறவியிலேயே வேறுபடுகிறது. ஒரே இரவு கண்விழித்த இருவரில் ஒருவர் மறுநாள் கணக்கு எழுதுவார், மற்றவர் கணக்குப் புத்தகத்தின் மேல் தலை வைப்பார். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் தீவிரத் தடை இருந்தும் கலக்கம் இல்லை என்று சொல்வது நன்றாகப் பதிவான விஷயம். அப்புறம், பெண்கள் பலர் ‘தூக்கம் வருகிறது’ என்று சொல்வதில்லை. ‘அசதி, தலைவலி, எதிலும் மனம் ஒட்டவில்லை’ என்பார்கள். எப்வொர்த் படிவத்தில் அசதிக்குக் கட்டமே கிடையாது.

உங்கள் கதைக்கு வருகிறேன். காலை நாலரைக்கு எழுந்து சமைத்து, இரவு பதினொன்றரைக்குப் படுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மணி நேரம். மூச்சுத்தடை ஒன்றுகூட இல்லாத இருபது வயதுப் பிள்ளையை இந்தக் கணக்கில் ஒரு மாதம் வைத்தாலும் மதிய வகுப்பில் சொக்கிப்போவான். சளிக்கு என்று தினமும் செட்ரிசின் போடுவதையும் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது சிலருக்கு மறுநாள் வரை இழுக்கும். வேறு மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு, இரத்தசோகை, மனச்சோர்வு இவற்றையும் அவர் பார்க்கட்டும்.

இதற்கெல்லாம் முன்னால், நீங்கள் கேட்காத ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. மணிக்கு 48 முறை மூச்சு நின்று, ஒவ்வொரு முறையும் வெடித்தாற்போல் குறட்டையோடு மீள்கிற ஒருவரின் பக்கத்தில் நீங்கள் படுத்திருக்கிறீர்கள். அவருடைய 312 தடவையில் எத்தனை உங்களை எழுப்பின என்று யாரும் எண்ணவில்லை. எண்ணிய ஒரு சிறிய ஆய்வு உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 10 தம்பதியரை வைத்து, 1999-இல் வெளியானது. கணவருக்கு பாதி இரவில் சி-பேப் கருவியை (மாஸ்க் வழியே காற்றை அழுத்தி ஊதி, தொண்டை அடைபடாமல் வைப்பது) மாட்டி, மனைவியின் தூக்கத்தையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். படுக்கையில் இருந்த நேரத்தில் மனைவி உண்மையில் தூங்கிய அளவு 74 சதவீதத்திலிருந்து 87 சதவீதமாக ஏறியது. எட்டு மணி நேரத்தில் அது ஏறக்குறைய ஒரு மணி நேரம். பத்தே தம்பதியர்தான், இதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. ஆனால் என் அனுபவத்தோடு அச்சாகப் பொருந்துகிறது. மாஸ்க் வாங்கிப்போன ஒரு வாரத்தில் நன்றி சொல்லி முதலில் அழைப்பது பெரும்பாலும் மனைவிமார்தான்.

கணவருக்குச் சிகிச்சை வேண்டுமா, கலக்கம்தான் இல்லையே என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கொஞ்சம் நெளிவானது. 2016-இல் ‘சேவ்’ என்ற ஆய்வு வந்தது. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,717 பேரில் சரிபாதியினருக்கு சி-பேப் கொடுத்தும் மாரடைப்பும் மரணமும் குறையவில்லை. அதைக் காட்டி ‘கருவி வீண்’ என்பவர்கள் உண்டு. ஆனால் அந்த ஆய்வில் கலக்கம் மிக அதிகமாக இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. சேர்த்தவர்களும் இரவில் சராசரியாக 3.3 மணி நேரமே மாட்டினார்கள். அப்படியும் பகல் கலக்கமும் மனநிலையும் தேறின. பிறகு 2019-இல் வந்த ஆய்வுகள் இரண்டு திசையில் போயின. ஒன்று, எத்தனை முறை என்பதைவிட ஒவ்வொரு தடையிலும் ஆக்ஸிஜன் எவ்வளவு ஆழமாக, எவ்வளவு நேரம் இறங்கியது என்ற மொத்தச் சுமைதான் இதய மரணத்தோடு ஒட்டிப்போகிறது என்றது. இன்னொன்று, நோயாளிகளை அறிகுறிப்படி வகுத்துப் பார்த்து, பகலில் அதிகம் தூங்குகிற கூட்டத்துக்குத்தான் இதய ஆபத்து தெளிவாகக் கூடுகிறது என்றது.

ஆகவே உங்கள் கணவரின் அறிக்கையில் 48-ஐ மூடிவைத்துவிட்டு உள்பக்கத்தைப் புரட்டுங்கள். ஆக்ஸிஜன் மிகக் கீழே இறங்கிய அளவு எவ்வளவு, 90 சதவீதத்துக்குக் கீழே மொத்தம் எத்தனை நிமிடம் இருந்தது, மணிக்கு எத்தனை முறை மூளை விழித்தது. இந்த மூன்றும் மோசமாக இருந்தால் ‘எனக்குத் தூக்கம் வரவில்லை’ என்ற அவருடைய வாதத்துக்கு நான் அதிக மதிப்புத் தர மாட்டேன். அவருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறார். நான் அவர் இடத்தில் இருந்தால் மருத்துவரிடம் கேட்டு ஒரு மாதம் வாடகைக்காவது கருவியை எடுத்துப் பார்ப்பேன். கலக்கமே இல்லை என்றவர்கள் பலர் மூன்றாவது வாரத்தில், ‘இப்படி ஒரு காலை இருக்கும் என்று மறந்தே போயிருந்தேன்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் அல்ல; எந்த மாற்றமும் தெரியாமல் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

எத்தனை மணி நேரம் மாட்டுகிறார் என்பது முக்கியம். 2007-இல் வந்த ஓர் ஆய்வில், எப்வொர்த் எண் தேறுவதற்கு இரவில் 4 மணி நேரம் பயன்படுத்தினாலே பலன் தெரிந்தது. பகல் படுக்கைச் சோதனை தேற 6 மணி நேரம். அன்றாட வேலைத்திறன் தேற 7.5 மணி நேரம். நள்ளிரவில் கழற்றி எறிந்துவிட்டு ‘மாட்டினேனே’ என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். கருவிக்குள்ளேயே கணக்கு பதிவாகியிருக்கும்.

அந்த ஒரு மாதமும் நீங்கள் ஒரு நோட்டில் உங்களுடைய படுத்த நேரம், எழுந்த நேரம், நடுவில் விழித்தது மூன்றையும் எழுதிவாருங்கள். முடிந்தால் இரவு படுக்கையை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுங்கள். சட்னியைக் காலையில் அவர் அரைக்கட்டும். கண் சொக்குகிற நாட்களில் ஸ்கூட்டரைத் தொட வேண்டாம், பஸ்ஸிலேயே போங்கள். மாதக் கடைசியில் எப்வொர்த் படிவத்தை மறுபடி நிரப்புங்கள். எண் பத்துக்குக் கீழே வந்துவிட்டால் அந்த 9-ஐ என்ன செய்வது என்பதை மருத்துவரோடு நிதானமாகப் பேசலாம். வராவிட்டால், மூளை அலையோடு ஆய்வகத்தில் ஓர் இரவு படுத்துப் பாருங்கள். வீட்டுக் கருவி தவறவிட்டது என்ன என்று அப்போது தெரியும். வரும்போது சொந்தத் தலையணையைக் கொண்டுவாருங்கள். ஆய்வகத்துத் தலையணையில் யாரும் ஒழுங்காகத் தூங்கி நான் பார்த்ததில்லை.